கும்பகோணம் ‘ஸ்டூடண்ட் பேக்கேஜ்’: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

செமஸ்டர் லீவு நெருங்குகிறது. “தஞ்சாவூர், கும்பகோணம், தரங்கம்பாடி, தலைக்கு 1,800, எல்லாம் சேர்த்து” என்ற மாதிரி போஸ்டர்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்திருக்கும். அப்படி ஒன்றுக்குப் பணம் கட்டி ஏமாற்றப்பட்ட பெண்களில் நானும் ஒருத்தி. இன்னொரு குழு மாட்டக் கூடாது என்பதற்காக விவரமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் கோவையில் படிக்கிறோம். பேக்கேஜ் எடுக்கக் காரணம் வீடுதான். “பொண்ணுங்க மட்டும் தனியாவா?” என்ற கேள்விக்கு, ஊர் தெரிந்த ஆள், வேன், முன்பதிவு செய்த ரூம் என்று பதில் சொன்ன பிறகுதான் அப்பாக்கள் தலையாட்டினார்கள். பேக்கேஜ் விற்ற ஆளுக்கும் இந்த நாடி நன்றாகத் தெரியும். “சிஸ்டர், அப்பா நம்பர் குடுங்க, நானே பேசறேன்” என்று வாங்கிப் பேசி, சம்மதமும் வாங்கிவிட்டார். மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் என்று போட்டோ வந்தது. பாதிப் பணம் முன்பணம். அப்புறம் “மூணு பெரிய கோயிலுக்கும் என்ட்ரி டிக்கெட்” என்று தலைக்கு 250 தனியாக வாங்கினார்.

தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றுக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. யுனெஸ்கோ பட்டியலில் இருந்தாலும், தொல்லியல் துறை பராமரித்தாலும், இன்றும் பூஜை நடக்கிற கோயில்கள் இவை. ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த கோயிலுக்குள் யாரும் காசு கொடுக்காமல் நடந்து போகலாம். வாசலில் டிக்கெட் கவுண்டரைத் தேடிவிட்டு டிரைவரிடம் கேட்டோம். “அதெல்லாம் குரூப் டிக்கெட்மா, ஆபீஸ்ல இருக்கு” என்றார்.

இதைக்கூட விட்டுவிடலாம். ராத்திரி நடந்ததுதான் மன்னிக்க முடியாதது. லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்த பெரியவர் நோட்டைத் திறந்து, விரலை வரி வரியாக வைத்துக்கொண்டே வந்தார். “இந்தப் பேர்ல யாரும் ரூம் சொல்லலையேம்மா. நாளைக்கு முகூர்த்தம், ஒரு ரூம்கூட காலி இல்ல” என்றார். போன் போட்டால், “சின்னக் குழப்பம் சிஸ்டர், அதைவிட நல்ல இடம் தர்றேன்” என்று பதில். பைபாஸைத் தாண்டி ஒரு தனி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே ஹால், தரையில் பாய். முன்கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து, போட்டாலும் நிற்கவில்லை. கதவுக்குப் பின்னால் பைகளை அடுக்கி, முறை வைத்து விழித்திருந்தோம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் தைரியம் சொல்லிப் பணம் வாங்கியவர் இதைச் செய்யலாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையை அவசர அவசரமாகக் காட்டினார்கள். சுவாமிமலையில் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்து மெழுகு உருவத்தின் மேல் பூசிச் சிலை வார்ப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தோம். பட்டறைக்குப் பதில் கமிஷன் தருகிற கடைக்குப் போனது வண்டி. கடைசியில் ஸ்டேஷனில், கிலோமீட்டர் கூடிவிட்டது, டிரைவர் பேட்டா தனி என்று 3,500 கேட்டார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, பைகள் எல்லாம் வேன் மேலே. கொடுத்துவிட்டுத்தான் இறக்க முடிந்தது.

வண்டி நம்பர் பிளேட்டைக் கட்டாயம் பாருங்கள். வாடகை வண்டி என்றால் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது வெள்ளை பிளேட், ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கான வண்டி. அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும். லாட்ஜ் பெயரைச் சொன்னால், அதன் நம்பரை நீங்களே தேடி எடுத்து, உங்கள் பெயரில் ரூம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். ஏஜெண்ட் தருகிற நம்பர் வேண்டாம். கும்பகோணத்தில் முகூர்த்த நாளை ஒட்டிப் போகாமல் இருந்தால் ரூமும் சுலபமாகக் கிடைக்கும். “எல்லாம் சேர்த்து” என்றால் எது எது என்று எழுதி வாங்குங்கள். எத்தனை கிலோமீட்டர், பேட்டா யார் தலையில், வண்டியின் ஷெட்டிலிருந்து தூரம் கணக்காகுமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

உண்மையில் டெல்டாவுக்குப் பேக்கேஜே தேவையில்லை. கோவையிலிருந்து மயிலாடுதுறை ஜன் சதாப்தி தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகத்தான் போகிறது. திருச்சி, தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை எல்லாம் ஒரே ரயில் பாதையில் இருப்பதால் பாசஞ்சரிலேயே ஊர் ஊராக இறங்கிப் பார்க்கலாம். கும்பகோணத்திலிருந்து தாராசுரம், சுவாமிமலைக்கு டவுன் பஸ் உண்டு. அரசின் சாதாரண டவுன் பஸ்களில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வேனுக்குக் கொடுத்த காசில் மூன்று வேளையும் நல்ல சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் சும்மா இருக்காதீர்கள். ஆன்லைனில் ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கும்பகோணத்துக்கு அலைய வேண்டாம். நாங்கள் கோவையில் அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறோம். அந்த ஆள் எங்கள் நம்பர்களை பிளாக் செய்துவிட்டு வேறு பெயரில் போஸ்டர் போடுகிறார். சாட், பணம் அனுப்பிய ரசீது, லாட்ஜ் போட்டோ எதையும் அழித்துவிடாதீர்கள்.