பெட்டைக்கு ஒரு கணக்கு, ஆணுக்கு வேறு கணக்கு: வீட்டு நாய்க்குக் கருத்தடை

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்வதா வேண்டாமா என்பதில் குழப்பத்துக்கு இடம் குறைவு. சென்னையின் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிச் சந்துகளில் வாசற்கதவு திறந்தேதான் கிடக்கும். ஹீட், அதாவது இணைசேரும் பருவம், வந்தால் ஏறக்குறைய மூன்று வாரம் தெரு நாய்கள் வாசலிலேயே படுத்திருக்கும். குட்டி ஒரு பிரச்சினை என்றால், இணைசேரும்போது ஒட்டிக்கொள்ளும் பிறப்புறுப்புக் கட்டி இன்னொன்று. அதற்கு வாராவாரம் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசி போட்டாக வேண்டும்.

இரண்டையும்விட மோசம் கருப்பையில் சீழ் கட்டுவது. ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நாய் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கும், சோறு தொடாது. சீழ் வெளியே வழிந்தாலாவது கண்ணில் படும். உள்ளேயே தேங்கினால் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். அந்த நிலையில் கருப்பையை எடுக்கும் ஆபரேஷனுக்கும், நாய் நலமாக இருக்கும்போது நாள் பார்த்துச் செய்வதற்கும் ஆபத்தில் நிறைய வித்தியாசம். ஆபரேஷனுக்குப் பயந்து, ஹீட்டைத் தள்ளிப்போட ஹார்மோன் ஊசி போடுகிறவர்கள் இந்தச் சீழையே விலைக்கு வாங்குகிறார்கள்.

ஆபரேஷனிலும் குறை உண்டு. சில பெட்டைகளுக்கு, முக்கியமாகக் கனத்த ஜாதிகளுக்கு, பிற்பாடு தூக்கத்தில் சிறுநீர் கசியும். பெரும்பாலும் மாத்திரையில் அடங்கும். உடம்பும் போடும். கோழிக்கால் சோற்றில் கால் பங்கைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஆண் நாய்க்கு அவசரம் இல்லை. விரையை எடுத்தால் ஊர் சுற்றுவது, கண்ட இடத்தில் மூத்திரம் அடிப்பது குறையும். விரைக் கட்டி வர வழியில்லை, வயதான காலத்துப் புராஸ்டேட் வீக்கமும் தவிரும். ஆனால் பயத்தில் கடிக்கிற நாய் திருந்தாது. சிலது கூடுதலாக மிரளும். வீட்டுக் காவல் போய்விடும் என்பது மட்டும் வீண் பயம். விரை இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள், அது புற்றாக மாறும் வாய்ப்பு அதிகம்.

வயதுதான் சிக்கல். எலும்பு வளர்ச்சியை நிறுத்தச் சொல்வது பாலின ஹார்மோன். கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய ஜாதிக்கு ஒரு வயதுக்குள் எடுத்தால் மூட்டுக் கோளாறு கூடும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு வயது தாண்டட்டும் என்கிறது கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்வு. நாட்டு நாய்க்கும் பொமரேனியனுக்கும் ஆறு மாதத்துக்கு மேல் செய்யலாம்.

நம் பக்கம் பலரும் கோட்டை விடுவது உண்ணிக் காய்ச்சலில். அதில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு இறங்கியிருக்கும், நாய் பார்க்கத் துள்ளிக்கொண்டிருக்கும், கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையோ தனியார் கிளினிக்கோ, ரத்தப் பரிசோதனை பார்க்காமல் மேஜையில் ஏற்றாதீர்கள். ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும். ஹீட்டின்போது கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரிச் சாப்பாட்டோடு தீனி நிறுத்தம்.

தையல் ஆறப் பத்து முதல் பதினாலு நாள். கழுத்துக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றினால் ஒரே ராத்திரியில் நக்கிப் பிரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் காயத்தை எங்கே காய வைப்பது? ஆண் நாயை ஒரு மாதமாவது பெட்டைகளிடம் விடாதீர்கள், மிச்சமிருக்கும் விந்துவிலும் குட்டி பிறக்கும்.