65 அங்குல ரீவி: ஓலெட்டா, மினி எல்ஈடியா?

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஃபிளட் எங்களுடையது. பின்னேரம் 4 மணி தாண்டினால் வெயில் நேரே ஹோலுக்குள் விழும். பழைய ரீவியில் மட்ச் போட்டால் பந்து தெரியாது, என்ர முகம்தான் தெரியும்.

ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்தே போகும். இரவில் லைட்டை நிப்பாட்டிப் படம் பார்த்தால் திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க ஏலாது. பக்கக் கதிரையில் இருப்பவருக்கும் நிறம் வெளிறாது. அழகென்றால் இதுதான், சந்தேகமே இல்லை.

ஆனால் அம்மா விடிந்தால் பொழுதுபட்டால் ஒரே செய்திச் சனல். மூலையில் அசையாமல் நிற்கும் சின்னம் நாளடைவில் ஓலெட்டில் தழும்பாகப் பதியக்கூடும்.

மினி எல்ஈடிக்கு அந்தப் பயம் இல்லை. திரைக்குப் பின்னால் குட்டி விளக்குகள் பகுதி பகுதியாகக் கூடிக் குறையும்; வெளிச்சம் வெயிலோடு மல்லுக்கு நிற்கும். கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடும்போது சுற்றிவர மெல்லிய புகைபோல ஒளி கசியும். ஒருக்கால் கண்ணில் பட்டால் பிறகு விடாது. விலையும் பெரும்பாலும் குறைவு.

சத்தம் இரண்டிலும் சுமார்தான்.

நான் மினி எல்ஈடி பக்கம். எதை வாங்கினாலும், கிட்டத்தட்ட 145 சென்ரிமீற்றர் அகலத் திரை. பெட்டி இன்னும் பெரிது. முதலில் லிப்டை அளவுங்கோ.