கீற்றா, ஹரி பீரிஸா, சோலியஸ் மெண்டிஸா? கொழும்பில ஒரு ஓவியரைப் பிடிச்சுக்கொண்டு சுத்துறதெண்டா

லீவு நாளெண்டா காலிமுகத்திடல், இல்லாட்டி ஒரு மோல், இதைவிட்டா கொழும்பில போக இடமில்லை எண்டு சொல்லுற ஆக்களுக்குத்தான் இது. ஒரு ஓவியரைத் தெரிவு செய்து, அவர் இருந்த வீடு, வரைஞ்ச சுவர், கூடித்திரிஞ்ச ஆக்கள் எண்டு ஒரு நாளைப் போக்கலாம். ஆனா யாரைப் பிடிக்கிறது எண்டதிலதான் அந்த நாள் நல்லாப் போகுமா சொதப்புமா எண்டது இருக்கு.

எல்லாரும் முதல்ல சொல்லுற பேர் ஜோர்ஜ் கீற். பேருக்கேத்த ஆள்தான், அதில சந்தேகமில்லை. பிரச்சினை என்னெண்டா அவர் கொழும்புக்காரர் இல்லை, 1901ல கண்டியில பிறந்து வாழ்க்கையில பெரும்பகுதியை கண்டிப் பக்கமும் ஊர்ப்புறங்களிலயும் கழிச்சவர், அதால கொழும்பில 'கீற் பாதை' எண்டு தேடிப்போனா கையில தட்டுப்படுறது ஒரே ஒரு பெரிய இடம், பொரளை கோதமி விகாரை. 1939-40ல அங்க புத்தர்ட வாழ்க்கையைச் சுவர் முழுக்க வரைஞ்சு வச்சிருக்கிறார். அந்த ஒரு இடத்துக்காகவே போகலாம் எண்டது என்ர கட்சி. தடிச்ச கோடு, பெரிய கண், உடம்பெல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு ஒண்டோட ஒண்டு பின்னிக் கிடக்கும், அஜந்தாவும் தெரியும் பிக்காசோவும் தெரியும், ஆனா ரெண்டும் இல்லாத ஒண்டு. ராதா கிருஷ்ணர் படங்களால அவரைத் தெரிஞ்ச ஆக்கள் (கீதகோவிந்தத்தை இங்கிலீசில மொழிபெயர்த்தவர் வேற) இந்தச் சுவரைப் பாத்தா அதே கைதான் எண்டு உடன பிடிச்சிடுவினம். பொரளைச் சந்தியில இருந்து ஓட்டோவில கொஞ்சத் தூரம்தான், சனமும் குறைவு, சுவருக்கு முன்னால எவ்வளவு நேரம் நிண்டாலும் ஆரும் தள்ளமாட்டினம். ஆனா அதோட முடிஞ்சுது. பிறகு எங்க போறது எண்டு ரோட்டில நிண்டு போனை நோண்ட வேண்டியதுதான்.

ஹரி பீரிஸைப் பிடிச்சா கதை நேர்மாறு. ஒரு பெரிய சுவர் எண்டு காட்ட ஒண்டுமில்லை, ஆனா ஒரு வீடு இருக்கு. கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸ், சபுமல் பவுண்டேஷன். லண்டனில படிச்சு, பாரிஸ் போய், சாந்திநிகேதனிலயும் இருந்திட்டு வந்த மனுசன், ஆக்களின்ட உருவப்படம் வரையிறதில கெட்டிக்காரர், தான் இருந்த வீட்டையே 1974ல ஒரு அறக்கட்டளையாக்கிப்போட்டு தன்ர படங்களோட சேர்த்து '43 குழு' (1943ல கூடின புதுமை ஓவியர்மாரின்ட கூட்டம்) ஆக்களின்ட படங்களையும் வச்சிட்டுப் போயிருக்கிறார். பழைய ஓட்டு வீடு, அறைக்கு அறை படம், மியூசியம் மாதிரி இல்லாம இன்னும் வீடு மாதிரியே இருக்கும். ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், கீற் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ. கீற்றைத் தேடிப்போறவரும் கடைசியில இங்கதான் வரவேணும் எண்டது இதில ஒரு வேடிக்கை. அந்த 43 குழுவைத் தொடங்கின ஆக்களில எங்கட எஸ். ஆர். கனகசபையும் ஒருத்தர், இதைத் தமிழ் ஆக்களே கனபேர் சொல்லுறேல்லை, அதுதான் சொல்லி வைக்கிறன்.

அங்க இருந்து கில்ஃபோர்ட் கிரசென்ட் நடக்கிற தூரம்தான். குழுவைக் கூட்டிச் சேர்த்த லயனல் வென்ட் (அவர் போட்டோக்காரர், பியானோவும் வாசிப்பார்) இருந்த வீடு நிண்ட இடத்திலதான் இண்டைக்கு லயனல் வென்ட் தியேட்டர் நிக்குது, 1943ல இந்தக் குழு முதல்ல கூடினது அந்த வீட்டில, அடுத்த வருசமே மனுசன் செத்துப்போனார். தியேட்டரோட இருக்கிற கலரியில அடிக்கடி ஏதாவது கண்காட்சி நடக்கும், எட்டிப்பாக்கலாம். பிறகு அப்பிடியே ஆனந்த குமாரசுவாமி மாவத்தைப் பக்கம் நடந்தா மரநிழல், கால் நோகாது. வருசத்தில ஒருக்கா அந்த ரோட்டிலதான் கலா பொல நடக்கும், ஓவியர்மார் றோட்டோரத்தில படத்தைச் சாத்திவச்சு விப்பினம், அந்த நாளாப் பாத்துப் போனா இன்னும் விசேஷம். ஒரே குறை, சபுமல் எல்லா நாளும் திறக்காது, திறந்தாலும் கொஞ்ச நேரம்தான், கட்டாயம் கோல் எடுத்துக் கேட்டிட்டுப் போங்கோ.

மூண்டாவது சோலியஸ் மெண்டிஸ், களனி ரஜமகா விகாரை. குடும்பமா, அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போறதெண்டா இதுதான், வேற கதையே இல்லை. 1930களில தொடங்கி 1946 மட்டும் அங்கத்தைச் சுவரை வரைஞ்சவர், ஹெலனா விஜேவர்தன எண்ட அம்மா காசு குடுத்து அஜந்தா பாக்க இந்தியாவுக்கும் அனுப்பி வச்சவ. அசோகன்ட மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோட வந்து இறங்கிறது, இளவரசி ஹேமமாலா தலைமயிருக்குள்ள புத்தர்ட புனிதப் பல்லை ஒளிச்சுக்கொண்டு வாறது, எல்லாம் மெல்லிய நிறம், அமைதியான முகம், சின்னப் பிள்ளைக்கும் கதை விளங்கும். கீற் கிட்டத்தட்ட அதே காலத்தில பொரளையில புத்தர் கதையை வரைஞ்சிருக்கிறார் எண்டு நினைச்சுப் பாத்தா தலை சுத்தும், ரெண்டு பேரிலயும் அஜந்தாவின்ட சாயல் இருக்கு, ஒருத்தர் சாந்தத்தை எடுத்தார், மற்றவர் துடிப்பை எடுத்தார். விபீஷணருக்கும் அங்க கோயில் இருக்கு, எங்கட ஆக்கள் கும்பிட்டிட்டு வருவினம். போயா (பௌர்ணமி) நாள் மட்டும் வேண்டாம், சனத்துக்குள்ள சுவரே தெரியாது.

டேவிட் பெயின்டர் எண்ட ஓவியரையும் சிலர் சொல்லுவினம், கல்கிசை சென் தோமஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில 1968ல அவர் வரைஞ்ச சுவரோவியம் நல்லதுதான், ஆனா பள்ளிக்கூட வளவு, அனுமதி கேட்டுத்தான் உள்ள போகலாம், அவர்ட பேர்போன சுவரெல்லாம் கண்டி ட்ரினிட்டி கல்லூரியில.

ஒண்டே ஒண்டு எண்டு கேட்டா நான் ஹரி பீரிஸைத்தான் சொல்லுவன், பார்ன்ஸ் பிளேஸில ஒரு ஆளைத் தேடிப்போய் பத்து ஆளைக் கண்டிட்டு வரலாம். முழு நாள் இருக்கெண்டா விடியக் களனி, வெயில் ஏறமுன்னம் கோதமி, ரெண்டையும் ஒரே நாளில பாருங்கோ, பின்னேரம் சபுமலை நம்பிப் போகாதேங்கோ. ரெண்டும் விகாரை, வெள்ளை உடுப்பெண்டா நல்லம், தோள் மூட வேணும், செருப்பு கழட்ட வேணும், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்பி எடுத்தா பேச்சு வாங்குவியள்.