கொரோனா களத்துக்கு எந்த லென்ஸ்: 70-200 ஜூமா, 35 பிரைமா?

கோயம்பேடு சந்தை மூடப்பட்ட 2020 மே மாதத்தில் படம் எடுக்கப் போன எனக்கும் இதே குழப்பம்தான். 70-200 மி.மீ. ஜூம் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும்; 35 மி.மீ. பிரைமில் இழுக்க முடியாது, ஆனால் காட்சி அகலமாக விழும்.

தூரம்: ஜூம் இருந்தால் ஆம்புலன்ஸிலிருந்து 20 அடி தள்ளி நின்றே முகபாவத்தைப் பிடிக்கலாம். 35-க்குக் கிட்டப் போயாக வேண்டும்.

எடை: ஜூம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. தோள் கழன்றுவிடும்.

துடைப்பது: ஜூமில் வளையம், ஸ்விட்ச் என ஏகப்பட்ட இடுக்குகள், 35-க்கு ஒரு துணி போதும். (சானிடைசரை லென்ஸ் மேலேயே தெளிக்காதீர்கள், உள்ளே இறங்கிவிடும்.)

வார்டுக்குள்: கவச உடை போட்டதும் பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்து வியூஃபைண்டரே (கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் இடம்) மங்கும். அப்போது 35-இல் குத்துமதிப்பாகச் சுட்டாலும் படம் தேறும்.

வார்டுக்குள் போக அனுமதி இருந்தால் 35. சந்தை, சாலை, மயானம் என்றால் ஜூம். அழுகிறவர்களை நெருக்காமலும் இருக்கலாம். ஒன்றுதான் வாங்க முடியுமா? சரி, என் ஓட்டு ஜூமுக்கு.