மாடி அறையில் மாடல் ரயில்: ஏழு கோடை கண்ட அனுபவம்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 14 அடிக்கு 11 அடியில் ஓர் அறை. பழைய கட்டிலும் தீபாவளிப் பாத்திரங்களும் கிடந்த இடம். 2018 தையில் அதைக் காலி செய்து, நான்கு சுவரையும் சுற்றி எச்ஓ அளவில் பாதை போட்டேன். அசலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஏழு கோடையும் ஏழு மழைக்காலமும் ஓட்டிய பிறகு எழுதுகிறேன். இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறை வேலை மொத்தமும் முடிந்த பிறகுதான் தண்டவாளப் பெட்டியைப் பிரிக்க வேண்டும். ஆசையில் நான் தலைகீழாகச் செய்தேன். முதல் இரண்டு வருட உழைப்பில் பாதியைப் பிரித்துப் போட வேண்டி வந்தது.

மார்கழிக் குளிரில் இணைப்புகளை இறுக்கமாகச் சேர்த்து, எல்லாவற்றையும் சாலிடர் வைத்திருந்தேன். பங்குனியில் ஒரு மத்தியானம் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. ஜன்னல் பக்க நேர்பாதை பாம்பு மாதிரி நெளிந்து, அடியிலுள்ள ஸ்லீப்பர் கட்டைகளோடு பலகையை விட்டுத் தூக்கி நின்றது. கணக்கு எளிதுதான். நாலு மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே பருவத்தில் காற்று வறண்டு அடியிலுள்ள மரமும் சுருங்கும். இடைவெளியே விடாவிட்டால் தண்டவாளம் எங்கே போகும்? மறுபடி போட்டபோது 914 மி.மீ. துண்டு ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, ஆணி அடித்த பிறகு உருவி எடுத்தேன். அந்த மெல்லிய சந்து போதும். மின்சாரத்துக்கு இணைப்புத் தகட்டை நம்பாமல், துண்டுக்குத் துண்டு அடியிலிருந்து தனி ஒயர் கொடுத்தேன். அதன் பிறகு ஓர் இடத்திலும் நெளியவில்லை.

சூடு வருவது மேல்தளத்திலிருந்து. மேலே வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட், உள்ளே 50 மி.மீ. தெர்மோகோல் வகை இன்சுலேஷன் பலகை, அதன் கீழ் ஜிப்சம் சீலிங். இந்த மூன்றும் செய்த வருடம்தான் அறை அறையாக மாறியது. அதற்கு முன்பே ஏசி வாங்கியிருந்தேன், அவசரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் ஏசி போட்டு மற்ற நாளெல்லாம் அறையை வேகவிட்டால், பலகையும் தண்டவாளமும் வாராவாரம் சுருங்கி விரியும். மாடல் ரயிலுக்குக் குளிர்ச்சியை விட ஒரே சீரான நிலைதான் முக்கியம். இன்சுலேஷனுக்குப் பிறகு ஏசி எனக்குத்தான் தேவை, ரயிலுக்கு இல்லை. ஜிப்சம் போட்டதில் இன்னொரு லாபம்: தளத்திலிருந்து உதிர்ந்த சிமெண்ட் தூள் அடியோடு நின்றது.

தூசி என்றால் எங்களுக்கு ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு இந்த ஊரில் எந்த மேற்கு ஜன்னலும் தாங்காது. ஸ்டேஷன் கூரையின் பின்பக்கம் விரலை வைத்தால் செம்மண் நிறத்தில் ஒட்டும். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஃபோம் பட்டை ஒட்டினேன். பிறகு மேற்கு ஜன்னலைப் பலகை வைத்தே அடைத்துவிட்டேன். சாயங்கால வெயில் பட்டு பச்சைப் புல் வைக்கோல் நிறமாகிப் போனதும் அதற்கு ஒரு காரணம். வடக்கு ஜன்னலுக்கு நெருக்கமான வலை. இப்போது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் மாதம் ஒருமுறை தண்டவாளத்தைத் துடைத்தால் போதும். முன்பு வாரம் ஒருமுறை துடைத்தும் இன்ஜின் திக்கித் திக்கித்தான் ஓடும். பல்லியை மட்டும் முழுவதுமாக நிறுத்த முடியவில்லை. ரயில் நுழையும் குகைக்குள் முட்டை வைக்கிறது.

பலகைக்கு 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட், அடியில் 18 மி.மீ. பிளைவுட்டையே பட்டையாக அறுத்து நிறுத்திய சட்டம். முதல் இரண்டு பலகைக்கு மேல்பக்கம் மட்டும் பிரைமர் அடித்தேன். ஐப்பசி மழையில் அடிப்பக்கம் ஈரம் குடித்து இரண்டும் வளைந்தன. இரு பக்கமும், அறுத்த விளிம்புகளும் பிரைமர் குடித்த பலகைகள் இன்றும் மட்டம் தவறவில்லை. உயரம் 44 அங்குலம். "ஏனுங்க, சாப்பாட்டு மேசையே முப்பதுதானுங்க, இத்தனை உசரம் எதுக்குங்க?" என்று ஆசாரி இரண்டு முறை கேட்டார். ரயிலை வானத்திலிருந்து பார்க்கக்கூடாது, பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பது போல இருக்க வேண்டும் என்றதும் புரிந்துகொண்டார். அந்த உயரத்தில் கை நீட்டினால் 30 அங்குலம் எட்டும். அதற்கு மேல் அகலம் வைக்காதீர்கள். ஒரு மூலையில் 34 வைத்துவிட்டேன். அங்கே பெட்டி கவிழ்ந்தால் முக்காலி போட வேண்டியிருக்கிறது.

வாசலைக் கடக்கும் இடத்தில் முதலில் நிலையான பலகைதான். குனிந்து நுழைய வேண்டும். 74 வயது அப்பா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு அப்புறம் வரவே இல்லை. அவர் வராத அறையில் எனக்கு ரயில் ஓட்டப் பிடிக்கவில்லை. கீல் வைத்த தூக்குப் பலகையாக மாற்றினேன். மூடினால் இரண்டு பித்தளைத் தாழ்ப்பாள் அதைப் பிடித்துக்கொள்ளும். தண்டவாளம் இம்மி பிசகாமல் சேர்வதும் அவற்றால்தான், தூக்குப் பலகைக்கு மின்சாரம் போவதும் அவற்றின் வழியாகத்தான். பலகையைத் தூக்கியதும் இரு பக்கமும் ஒரு மீட்டர் தூரத்துக்குக் கரண்ட் நின்றுவிடுகிற மாதிரி ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதனால் எந்த இன்ஜினும் பள்ளத்தில் விழாது. இந்த அறையில் நான் செய்த எல்லா வேலையிலும் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

மற்றவை சுருக்கமாக: 4000 கெல்வின் எல்இடி விளக்குகளைப் பலகையின் முன் விளிம்புக்கு மேலே வையுங்கள், பின்னால் வைத்தால் நம்மைப் பார்த்த வீட்டு முகப்பெல்லாம் இருட்டாகத் தெரியும். தரைக்கு வெளிர் நிற வினைல் போடுங்கள், விழுந்த ஸ்க்ரூ உடனே கண்ணில் படும். சாலிடரிங் இரும்பு உட்பட எல்லாம் வாசலருகே ஒரே மெயின் ஸ்விட்ச்சில் அணைய வேண்டும், மேலே சிவப்பு விளக்கோடு.

அடுத்தது வடக்குச் சுவரில் மேட்டுப்பாளையம் மலைப்பாதை. மீட்டர் கேஜ், அதாவது அசலில் தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர். 1:87-இல் 11.5 மி.மீ. வருகிறது, 12 மி.மீ. தண்டவாளம் போடப்போகிறேன். அந்தப் பாதையில் கல்லாறு ஸ்டேஷன் தாண்டிய ஏற்றம் 12-இல் 1 என்பதால் 240 செ.மீ. நீளத்தில் 20 செ.மீ. ஏறியாக வேண்டும். பலகைகளை அறுத்து, ஆறு பக்கமும் பிரைமர் அடித்தாயிற்று. ஒரு மாதமாக அறையிலேயே அடுக்கி வைத்திருக்கிறேன், அறையின் காற்றுக்கு அவை பழகட்டும் என்று. அதுவரை ஒரு ஸ்க்ரூகூட ஏற்றுவதில்லை.