பதின்ம வயதினரின் படக் குழுவுக்கு இன்ஸ்டாக்ஸ் மினி 12: மட்டக்களப்பு வெயிலில் ஒரு மதிப்பீடு

ஃபுஜிபிலிம் நிறுவனம் 2023இல் வெளியிட்ட இன்ஸ்டாக்ஸ் மினி 12, எடுத்த உடனே படத்தைத் தாளில் தரும் கமெரா. அதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பிறந்தநாளையும் கலியாண வீட்டையும் மனதில் வைத்தே எழுதுகிறார்கள். இங்கே பார்ப்பது வேறு தேவை. 13 முதல் 17 வயது வரையான பிள்ளைகளின் தன்மதிப்புக்காகவும் மனநலத்துக்காகவும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் படக் குழு (பிள்ளைகள் படம் எடுத்து அதைப் பற்றிப் பேசும் சிறு குழு) நடத்த நினைக்கும் ஆசிரியரோ உளவளத்துணையாளரோ இளைஞர் கழகமோ இதை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் எட்டுப் பிள்ளைக்கு ஒரு கமெரா போதும். அதையும் ஆறு சந்திப்பில் மூன்றுக்கு மட்டும் வெளியே எடுத்தால் போதும்.

இந்தக் கமெராவின் பலம் அதன் குறைபாட்டிலேயே இருக்கிறது. திரை இல்லை, அழிக்க முடியாது, திருத்த முடியாது, நெகட்டிவ் இல்லாததால் பிரதியும் இல்லை. கைத்தொலைபேசியில் ஒரு பிள்ளை தன்னை இருபது தரம் எடுத்து, பத்தொன்பதை அழித்து, மிஞ்சிய ஒன்றுக்கும் முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரைப் போட்டுத்தான் வெளியே விடுகிறது. ஒவ்வொரு அழிப்பும் ‘இது நான் இல்லை, இது சரியில்லை’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. மினி 12இல் அந்த வாசல் அடைபட்டுவிடுகிறது. பொத்தானை அமத்தியதும் வெள்ளைத் தாள் வெளியே வரும். முதலில் பால் போல ஒன்றுமில்லை. பிறகு தலைமுடியும் கண்ணும் மங்கலாகத் தெரியத் தொடங்கும், அதன் பின்தான் தோலின் நிறமும் சட்டையின் நிறமும் ஏறும். ஏறத்தாழ 90 விநாடி. அந்த ஒன்றரை நிமிடம் பிள்ளை தன் முகத்துக்காகக் காத்திருக்கிறது, வந்த முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றி ஏதாவது சொல்லவும் வேண்டியிருக்கிறது. குழு வேலையின் கனமான பகுதி அதுதான். அந்த நேரத்தில் பொறுப்பாளர் பேசாமல் இருக்கப் பழக வேண்டும். ‘வடிவா வந்திருக்கு மனே’ என்று முந்திக்கொண்டு சொன்னால், பிள்ளை தன் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் தீர்ப்பைக் கேட்கப் பழகிவிடும்.

இன்னொரு நன்மை, படம் எங்கும் போகாது. 86க்கு 54 மி.மீ. தாள், வங்கி அட்டையின் அளவு, அதற்குள் படம் 62க்கு 46 மி.மீ. கொப்பிக்குள் வைக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஒருவருக்கும் காட்டாமலும் இருக்கலாம். காத்தான்குடி, ஏறாவூர், மருதமுனை போன்ற ஊர்களில் மகளின் முகம் யாருடைய போனிலும் இருக்கக் கூடாது என்று நினைக்கும் வீட்டாரிடம் இதை எடுத்துச் சொன்னால் சம்மதம் இலகுவாகக் கிடைக்கும். அப்படிச் சொன்ன பிறகு பொறுப்பாளர் அந்தப் படங்களை அறிக்கைக்கென்று தன் போனில் திரும்பப் படம் பிடித்தால், கொடுத்த வாக்கும் போய்விடும், கருவியின் பயனும் போய்விடும். இதில் தளர்வே வேண்டாம். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம், பிள்ளையிடம் தனியாக விருப்பம், இரண்டும் முதல் நாளே தேவை. தாள் பிள்ளைக்குச் சொந்தம்.

இனிக் குறைகள். பெரிய குறை பிளாஷ். எப்போதும் அடிக்கும், நிறுத்த வழி இல்லை. அடிக்கும் தூரம் 0.3 முதல் 2.2 மீற்றர். ஒளியளவைக் கமெராவே தீர்மானிக்கிறது என்றாலும், இருட்டான அறைக்குள் கைநீட்டுத் தூரத்தில் எடுத்தால் நெற்றியும் மூக்குத் தண்டும் வெளுத்து, கன்னத்தின் மேடு பள்ளம் மறைந்துபோகும். கறுத்த பிள்ளையின் தாளில் இதன் விளைவைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ‘அக்கா, நான் வெள்ளையா வந்திருக்கன்’ என்று ஒரு பிள்ளை சந்தோசப்பட்டால், எதைத் தவிர்க்க இந்தக் கமெராவை வாங்கினோமோ அதையே இது செய்துவிட்டது என்று அர்த்தம். நிறத்தைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, நோகடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கமெராவும் அதற்குத் துணைபோகக் கூடாது.

இதற்கான தீர்வு ஒளியில் இருக்கிறது. காலை ஒன்பது, பத்து மணிக்கு விறாந்தையின் திறந்த பக்கத்தைப் பார்த்தபடி பிள்ளை நிற்க, எடுப்பவர் ஒன்று முதல் ஒன்றரை மீற்றர் தள்ளி நிற்கட்டும். சுற்றி வெளிச்சம் நிறைய இருப்பதால் பிளாஷின் பங்கு குறைந்து, தோல் தன் நிறத்தில் வரும். பின்னணிக்கு வெள்ளைச் சுவரை விடச் சாம்பல் நிறச் சீமெந்துச் சுவர் நல்லது. வாவிக் கரைக்குப் போனால் கதை மாறும். கல்லடிப் பக்கமிருந்து மாலையில் வாவியைப் பின்னால் வைத்து எடுத்தால் தண்ணீரின் மினுக்கம் பின்னுக்கு இருக்கும், முகம் கறுத்துப்போகும். அங்கே அந்தப் பிளாஷ்தான் முகத்துக்கு ஒளி கொடுக்கிறது, ஆனால் இரண்டு மீற்றருக்குள் நின்றால் மட்டும். எட்டுப் பேரையும் நாலு மீற்றர் தள்ளி நிற்கவைத்து மம்மலுக்குள் எடுக்கும் குழுப் படம் இருட்டாகவே வரும். அந்தத் தாளை மிச்சம் பிடியுங்கள்.

கமெராவைக் கையாள்வது இலகு. லென்ஸ் வளையத்தை ஒரு தரம் திருப்பினால் இயங்கும், இன்னொரு தரம் திருப்பினால் 30 முதல் 50 செ.மீ. வரையான கிட்டப் படத்துக்கு மாறும். தன்படம் இரண்டாவது திருப்பில்தான் எடுக்க வேண்டும். முதல் திருப்பில் கைநீட்டி எடுத்தால் முகம் மங்கும். லென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் விடும் தவறுகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்: விரல் பிளாஷையோ ஒளி உணரியையோ மறைப்பது, தாள் வெளிவரும் பிளவைக் கையால் பொத்துவது, வந்த தாளை உதறுவது. உதறினால் படம் விரைவாக வராது, தாள் வளைந்து உள்ளே இருக்கும் பசை சீரற்றுப் பரவும் ஆபத்துத்தான் மிச்சம். எல்லாவற்றிலும் மோசமானது பொதியிலுள்ள பத்துத் தாளும் முடியுமுன் பின்கதவைத் திறப்பது. உள்ளே மிஞ்சிய தாள்களில் வெளிச்சம் பட்டுவிடும். புதுப் பொதி போட்டதும் முதல் அமத்தலில் கறுப்பு மூடிதான் வரும், எண்காட்டி ‘எஸ்’ எழுத்திலிருந்து 10க்கு மாறும். அதைப் பார்த்துப் பழுதென்று நினைத்துக் கதவைத் திறப்பவர்கள் உண்டு.

பற்றரி ஏஏ அளவில் இரண்டு, அல்கலைன் வகைதான் போட வேண்டும் என்கிறது கையேடு. ஒரு சோடிக்கு நூறு படம், அதாவது பத்துப் பொதி என்பது நிறுவனத்தின் கணக்கு. கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸ் வளையத்துக்குள் மணல் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பி இயக்கும் கமெராவுக்கு மணல்தான் எமன்.

ஃபிலிமுக்கு நம் காலநிலை ஒத்துவராது. 5 முதல் 40 பாகை செல்சியஸ் வரையில்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழோ நிறுத்திய வானுக்குள்ளோ 40ஐத் தாண்டுவது பெரிய காரியமில்லை. அப்போது நிறம் பிறழும். பிரிக்காத பொதிகளைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, சந்திப்புக்கு ஒரு மணித்தியாலம் முன்னே வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். குளிரோடு பிரித்தால் ஈரம் படியும். படம் உருவாகும் வேளையில் தாளை வெயிலில் பிடிக்காமல், கவிழ்த்து நிழலில் வைப்பது நல்லது.

எண்ணிக்கையைப் பார்ப்போம். எட்டுப் பிள்ளை, ஆளுக்கு மூன்று தாள் என்றால் 24. மூன்று பொதி வாங்கினால் 30, மிச்சம் ஆறு. அதில் இரண்டு செய்து காட்ட, நாலு பிழைத்துப் போவதற்கு. ஃபிலிம் இறக்குமதிப் பொருள், விலை டொலரோடு ஏறும். முழுத் திட்டத்தையும் இதிலேயே நடத்த நினைப்பவர்கள் பாதியில் நிற்பதற்குக் காரணம் இதுதான். அதனால் முதல் இரண்டு சந்திப்பையும் பழைய போன்களில் நடத்துங்கள். முகம் வேண்டாம்: ‘உனக்குப் பிடிச்ச மூன்று, பிடிக்காத ஒன்று எடுத்துக்கொண்டு வா’ என்பது போதும். மூன்றாவதில் இன்ஸ்டாக்ஸில் கையோ ஒரு பொருளோ. நாலாவதில் சோடி சோடியாக உருவப் படம், ஆனால் எங்கே நிற்பது, எவ்வளவு கிட்ட, சிரிப்பதா வேண்டாமா என்று சொல்வது எடுக்கப்படும் பிள்ளை. தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இன்னொருவருக்கு உத்தரவு போடும் அனுபவம் பல பிள்ளைகளுக்குப் புதிது. ஆறு சந்திப்பிலும் ஆக நல்லது இதுதான். ஐந்தாவதில் தன்படம், முகம் கட்டாயமில்லை. முதுகு, செருப்புப் போட்ட கால், காலை வெயிலில் நீளும் நிழல் எல்லாம் தன்படம்தான். நிழலைக் கிட்ட எடுத்தால் பிளாஷ் அதை மெலிதாக்கிவிடும், நல்ல வெயிலில் பிளாஷின் மேல் கறுப்பு ரேப் ஒரு துண்டு ஒட்டலாம். அறைக்குள் அப்படிச் செய்தால் படம் இருளும் அல்லது அசையும். ஆறாவது சந்திப்பில் ஒரு தாளைத் தெரிவுசெய்து, விரும்பினால் மட்டும் காட்டுவது.

கேள்விகளிலும் கவனம் வேண்டும். ‘ஏன் இப்படி எடுத்தாய்?’ என்றால் பிள்ளை குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடும். ‘இதுல என்னெல்லாம் தெரியுது?’, ‘படத்துக்கு வெளியே என்ன இருந்தது?’, ‘இந்தப் படம் பேசினா என்ன சொல்லும்?’ என்பவை வாயைத் திறக்கவைக்கும். படங்களை உளவளத்துக்குப் பயன்படுத்தும் துறையில் கனடாவின் உளவியலாளர் ஜூடி வைசர் பிரித்துக் காட்டிய இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் தன் சிகிச்சைக்குள் படத்தைப் பயன்படுத்துவது ஒன்று, சிகிச்சையாளர் இல்லாமல் படம் எடுத்து மனதைத் தேற்றிக்கொள்வது இன்னொன்று. ஆசிரியரோ கழகமோ நடத்தக்கூடியது இரண்டாவதுதான். வைசர் முக்கியமாகச் சொல்லும் குடும்ப அல்பத்தைப் பார்க்கும் முறையை நம் கரையோரத்தில் அப்படியே செய்யவும் முடியாது. நாவலடியிலிருந்து திருக்கோவில் வரை 2004 டிசம்பர் 26இல் பல வீடுகளின் அல்பங்களைக் கடல் கொண்டுபோனது. ‘அம்மாட சின்ன வயசுப் படம் கொண்டு வா’ என்ற வீட்டுவேலை அந்த வீட்டில் என்ன செய்யும் என்று யோசியுங்கள். படத்துக்குப் பதிலாக, வீட்டில் ஆகப் பழைய பொருளைப் படம் எடுத்து வரச் சொல்லலாம்.

அண்மையில் யாரையாவது இழந்த பிள்ளை, தன்னை வெட்டிக்கொள்ளும் பிள்ளை, உடம்பை வெறுத்துச் சாப்பாட்டை விட்ட பிள்ளை ஆகியோருடன் தன்படத்தில் தொடங்க வேண்டாம். தாளைக் கிழிக்கும் பிள்ளையைத் தடுக்காமல், துண்டுகளை உறையில் போட்டு அதன் கையில் கொடுத்துவிட்டு, பிறகு தனியே பேசுங்கள். தாளுக்குள் காரப் பசை இருப்பதால் பசை பட்டால் கையைக் கழுவவைக்க வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் படக் குழு அதற்கான இடமில்லை, போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர் துன்புறுத்தல் பற்றியென்றால் 1929. குழுவைத் தொடங்கு முன்னே இரண்டையும் எழுதி ஒட்டுங்கள். ரோசன்பேர்க்கின் பத்துக் கூற்றுத் தன்மதிப்பு அளவுகோலை (1965) தொடக்கத்திலும் முடிவிலும் கொடுக்கலாம், ஆனால் எட்டுப் பேரின் புள்ளி இரண்டு மூன்று ஏறியதை வைத்துக் கமெரா குணமாக்கியது என்று அறிக்கை எழுதக் கூடாது.

வேறு மாதிரி வாங்கலாமா என்றால், 2020இல் வந்த மினி 11 பழையதாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், அதே ஃபிலிம்தான். மினி ஈவோ இந்த வேலைக்கு வேண்டாம். அதில் திரையும் ஃபில்டர்களும் இருக்கின்றன, பார்த்துப் பிடித்ததை மட்டும் அச்சிடலாம், போனுக்கும் அனுப்பலாம். அதற்குப் போனே போதும். ஃபிலிம் வாங்கும்போது பெட்டியில் ‘மினி’ என்று இருக்கிறதா, காலாவதித் திகதி உங்கள் ஆறாவது சந்திப்புக்கு அப்பால் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி அலுமாரியில் வெயில் படும் பக்கம் அடுக்கிவைத்த பொதி என்றால், விலை குறைத்துத் தந்தாலும் எடுக்காதீர்கள்.