தலைகீழ் வகுப்பறை: நாலு வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். 14 பிள்ளைகள். பாடத்தை வீட்டில் காணொலியாகப் பார்த்துவிட்டு வரணும், கணக்கை வகுப்பில் போடணும். இந்த முறைக்கு மாறி நாலு வருஷம் ஆகிறது.

முதல் காணொலி பின்னக் கூட்டல், 18 நிமிடம். பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதும் அதில் பதிவாகிவிட்டது. மறுநாள் கேட்டால் ஐந்து பேருக்குச் சேவல் ஞாபகம் இருக்கிறது, பகுதி எண் ஒருத்தருக்கும் இல்லை. இப்போது எதுவும் ஆறு நிமிடத்தைத் தாண்டாது.

பெரிய தலைவலி போன். வீட்டுக்கு ஒன்றுதான், அப்பா விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்போது அவர் பையில் போய்விடும். சாயங்காலம் வந்தாலும் டேட்டா இருக்காது. 2007-இல் அமெரிக்காவின் கொலராடோவில் இதைத் தொடங்கிய வேதியியல் ஆசிரியர்கள் ஜோனத்தன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் இருவரும், இணையம் இல்லாத பிள்ளைகளுக்கு டிவிடியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. தலைக்கொரு பென்டிரைவ் வாங்கினேன். டிவியில் செருகினால் ஓடும், பாட்டியும் கூட உட்கார்ந்து பார்ப்பார். ஒரு பாட்டி பள்ளி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்: "டீச்சர், கடைசிக் கணக்குல விடை தப்பா வருதே?" தப்புதான். அன்று ராத்திரியே திரும்ப எடுத்தேன்.

"சம்பளம் வாங்கிக்கிட்டு டிவி பாருன்னு அனுப்புறாங்க" என்ற பேச்சும் வந்தது. முதல் வருஷத்தோடு அடங்கிவிட்டது.

காணொலியை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மணி நேரம். முன்பு அதில் முக்கால்வாசி பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் எழுதியே போகும். இப்போது முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போகிறேன். போன மாதம் ஒரு பையன் 1/2-உம் 1/3-உம் கூட்டி 2/5 என்று எழுதிக்கொண்டிருந்தான். மேலே மேலே, கீழே கீழே கூட்டிவிட்டான். பழைய மாதிரி என்றால் ராத்திரி வீட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு, அவ்வளவுதான். இப்போது பக்கத்திலேயே இருந்தேன். "பாதி ரொட்டி சானாய் சாப்பிட்டே, மேல இன்னொரு துண்டும் சாப்பிட்டே. மொத்தம் பாதியைவிடக் குறையுமாடா?" அவன் 2/5-ஐ முறைத்துப் பார்த்தான். அழிப்பானை அவனே எடுத்தான்.

எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவராது. கோணம் அளப்பதைக் கையில் பாகைமானியோடு வகுப்பில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பார்க்காமல் வருகிறவர்களை மூலையில் என் மடிக்கணினியில் பார்க்க வைத்தேன். மடிக்கணினி ஆசையில் மற்றவர்களும் பார்க்காமல் வர ஆரம்பித்தார்கள். இப்போது அவர்களுக்கு அச்சடித்த தாள்தான்.

இந்த வருஷம் மூன்று பென்டிரைவ் காணோம். ஒன்று சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய் வந்தது. காயவைத்துச் செருகினோம், ஓடுகிறது.